அம்மாவுக்கு நல்லது

"அம்மாவுக்கு நல்லதுதானே!" என்று சொல்லும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். பிள்ளைகளைத் தங்கள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஏதோ சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் போல முகத்தில் ஒரு புண்ணியக் களை இருக்கும்.

நெதர்லாந்தில், எங்கள் ஸ்வோலே நகரத்து மார்லூஸைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் பார்த்துக்கொண்டால் வயதான பெண்களுக்கு மூளை மழுங்காது என்று முடிவெட்டும் கடையில் ஒரு பத்திரிகையில் படித்தாள். மீதியைப் படிப்பதற்குள் அவள் முறை வந்துவிட்டது. அதனால் என்ன? ஒரு நாளே நல்லதென்றால் நாலு நாள் எவ்வளவு நல்லது! செவ்வாயில் தொடங்கியவள், பள்ளி மத்தியானமே விட்டுவிடுகிற புதனைச் சேர்த்துக்கொண்டு, அம்மா நீச்சலுக்குப் போகும் வியாழனையும் வளைத்துப்போட்டு, "இந்த ஒரு தடவை மட்டும்மா" என்று வெள்ளியையும் உள்ளே நுழைத்துவிட்டாள்.

அம்மா டீனெக்கேவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ரத்த அழுத்தமும் ஏறியது. எதற்கெடுத்தாலும் பாராசிட்டமால் போடச் சொல்லும் குடும்ப மருத்துவரே இந்தத் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சின்னப் பேரனத் தூக்குறத நிறுத்துங்கம்மா. இல்லேன்னா உங்களத் தூக்க நாலு பேர் வரவேண்டியிருக்கும்."

இதை மகளிடம் சொன்னபோது அவள் பதறவில்லை.

"பாத்தியா, சனி ஞாயிறு சும்மா உக்காந்தா இப்படித்தான் பிடிச்சுக்கும்!"

அடுத்த செவ்வாயும் டீனெக்கே சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பேரப்பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். மகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

டீனெக்கேவின் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் எங்கள் ஊர் முறைப்படி மகளுக்கும் கைகொடுத்து, "அம்மா பிறந்தநாளுக்கு உனக்கும் வாழ்த்துகள்" என்றார்கள். அப்படியொரு அம்மா கிடைத்தவளை வாழ்த்தாமல் வேறு யாரை வாழ்த்துவது?

மகளின் பரிசு வாசலில் நின்றது. முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த சைக்கிள். பெட்டிக்குள் இரண்டு குழந்தை இருக்கைகள்.

"உனக்கே உனக்குதாம்மா! இனிமே திங்கக்கிழமையும் ஜாலியா சுத்தலாம்!"

டீனெக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இவ்வளவு நல்லதையும் நான் ஒருத்தியே அனுபவிச்சா அடுக்காதுடி. எனக்கு செவ்வாய் ஒண்ணு போதும். மிச்ச நல்லதெல்லாம் நீ எடுத்துக்கோ. சைக்கிளையும் நீயே மிதிச்சுட்டுப் போ."

வட்டத்தில் எல்லோரும் அவசரமாகக் கேக்கைத் தின்னத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு ஹர்ம் மட்டும் எழுந்துவந்து இரண்டாம் தடவையாக டீனெக்கேவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்பதான் மனசார சொல்றேன், வாழ்த்துகள்!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். தலைப்பிலிருந்து இதுவரை, யாரும் சட்டையைப் பிடித்து இழுக்காமல், இவ்வளவு நிம்மதியாகப் படித்து முடித்திருக்கிறீர்களே, உங்கள் பிள்ளைகள் இப்போது யார் இடுப்பில் இருக்கிறார்கள்?