காற்றுக்குழாய்க்கு வைத்த பொட்டு

இயந்திரம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால், அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் மதுரைக்காரன் கை சும்மா இருக்காது. புது வண்டியோ, மாவு மில்லோ, கம்ப்யூட்டரோ, பொட்டு விழுந்தால்தான் அது நம்முடையது. ஓர் ஆயுத பூஜையன்று எங்கள் தெரு ஏ.டி.எம். இயந்திரத்துக்குக்கூட யாரோ பொட்டு வைத்திருந்தார்கள் (சத்தியமாக நான் இல்லை). இது பக்தியா, பழக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகக்கூடாது. நான் போனேன்.

பழங்காநத்தத்தில் எனக்குப் பம்புசெட் கடை. மோட்டார் விற்பேன், கம்ப்ரசர் விற்பேன், இரண்டையும் பழுது பார்ப்பேன். கம்ப்ரசர் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் மறக்காமல் ஒன்று சொல்லி அனுப்புவேன்: “அண்ணே, காத்து இழுக்குற வாய்கிட்ட பொகை, தூசி அண்டாமப் பாத்துக்கங்க. அது எதை இழுக்குதோ அதைத்தான் குடுக்கும்.” இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் என்னைத் திட்டும்போது வசதியாக இருக்கும்.

என் மனைவி வசந்தியின் தம்பி கதிர், கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இன்ஜினியர். (தீவின் பெயர் வேண்டாம். அவர்கள் என்னை மறந்திருந்தால் நானாக ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?) “ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க மாமா” என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டான். மகளுக்குப் பரீட்சை என்பதால் வசந்தி வரவில்லை. அதற்கு ஈடாக என் பெட்டியில் பாதியை அவள் நிரப்பினாள். நான் அங்கே இருக்கும்போது ஆயுத பூஜை வருகிறது என்று சந்தனம், குங்குமம், பொரி, கடலை, ஒரு பெரிய பாக்கெட் கப் சாம்பிராணி. கரியையும் சாம்பிராணியையும் கிண்ணம் போல அழுத்திச் செய்து விற்பார்களே, பற்ற வைத்தால் வீடே மணக்குமே, அதுதான்.

போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? கதிர் விடுமுறை நாட்களில் பவளப்பாறை வளர்க்கும் ஒரு சிறு நிலையத்தில் தன்னார்வத் தொண்டு செய்துகொண்டிருந்தான். என்னையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். நாம் உழைப்பைக் கொடுத்தால் அவர்கள் கடலுக்கடியில் முங்கக் கற்றுக்கொடுப்பார்கள். நிலையத்தை நடத்தியவர் கிரேஸ் அக்கா. ஐம்பது வயதிருக்கும், அந்தத் தீவிலேயே பிறந்தவர். திருநாவுக்கரசு என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாமல் ‘மிஸ்டர் திரு’ என்று நின்றுவிட்டது. அதாவது, மிஸ்டர் மிஸ்டர். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அது மதுரைத் தமிழாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது, அப்படியே தருகிறேன்.

நான் கற்றுக்கொண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். திருவாதவூர்க் கிணற்றில் குதித்துக் குதித்து நீச்சல் பழகியவன் நான். தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பாடம். அங்கே முதல் விதியே மூச்சைப் பிடிக்கக்கூடாது என்பது. அடுத்தது மீசை. மீசை வழியாக முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. “எடுத்துருங்க மாமா, வேற வழியில்ல” என்றான் கதிர். “தலைய வேணா எடுத்துக்க மாப்ள” என்றேன். கடைசியில் மீசைக்கு அப்பத்துக்கு நெய் தடவுவது போல வாசலின் தடவிக்கொண்டு இறங்கினேன்.

இறங்கிப் பார்த்தால், ஐயோ, அது வேற உலகம். குழாய்களை மரம் போலப் பொருத்தி, அடியில் கயிறு கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். கிளைக்குக் கிளை தூண்டில் நரம்பில் பவளத் துண்டுகள் தொங்கின. அவற்றில் படியும் பாசியைப் பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து எடுப்பதுதான் எங்கள் வேலை. போனில் சொன்னபோது வசந்தி சிரித்தாள். “வீட்டுல ஒரு தம்ளரக் கழுவுனதில்ல. அங்க போயி பாறைக்குப் பல்லு வெளக்கி விடுறீகளாக்கும்?”

ஆனால் அது விளையாட்டில்லை. தீவைச் சுற்றியிருந்த பவளமெல்லாம் கடல் சூடானதில் வெளுத்துச் செத்துவிட்டது. சாகாமல் தப்பியதைத் தேடித் தேடி ஒடித்துவந்து, மூன்று வருடமாக கிரேஸ் அக்கா வளர்த்தவை அந்தத் துண்டுகள். “இது போச்சுன்னா விதைக்குக்கூட எங்க கடல்ல மிச்சம் கிடையாது மிஸ்டர் திரு” என்று முதல் நாளே சொன்னார். எந்தத் துண்டு எந்தப் பாறையில் எடுத்தது என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் ஊர் திரும்பச் சில நாட்களே இருந்தபோது புயல் எச்சரிக்கை வந்தது. நிலையமே பரபரத்தது. பவள மரங்கள் ஆழம் குறைந்த இடத்தில் மிதந்தன. அலை அடித்தால் நொறுங்கிவிடும். புயலுக்கு முன் எல்லோரும் உள்ளே போய், கயிற்றைச் சுருக்கி, ஒவ்வொரு மரத்தையும் தரையோடு தரையாக இறக்கிக் கட்டிவிட வேண்டும். மறுநாள் மதியம் கடல் சற்று அமைதியாக இருக்கும், அதற்குப் பிறகு படகை விடமாட்டார்கள். கிடைத்ததே அந்த ஒரு மதியம்தான்.

அந்த மறுநாள் ஆயுத பூஜை.

காலையில், முங்கும்போது மூச்சுக்காக முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு போய் நின்றேன். “எங்க ஊருல இன்னிக்குக் கருவிகளுக்குப் பூசை. புயல் வேற வருது...” என்று இழுத்தேன். கிரேஸ் அக்கா சிரித்தார். “வை வை. இன்னிக்கு எந்தச் சாமி வந்தாலும் எனக்கு நல்லதுதான். கொட்டகைக்குள்ள மட்டும் நெருப்பு வேணாம்.”

சிலிண்டர், துடுப்பு, படகு, பெயிண்ட் டப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். உள்ளே நெருப்பு வேண்டாம் என்று சொன்னாரல்லவா? நான் சொன்ன பேச்சுக் கேட்கிறவன். சாம்பிராணிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். காற்றடிக்காத மூலை, வாதாமரத்து நிழல். சுவரிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் நீண்டு, நுனியில் குல்லாய் போட்டுக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் குழாய் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். எதற்கு விடவேண்டும் என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். (சிரிக்காதீர்கள். குழாயும் கருவிதானே!) காரியம் பெரிது என்பதால் ஒன்றிரண்டோடு நிறுத்தவில்லை, பாக்கெட்டில் இருந்த அத்தனை கப்பையும் குழாயைச் சுற்றி வைத்துப் பற்றவைத்தேன்.

வசந்திக்கு வீடியோ காலில் காட்டினேன். அவளுக்கு அங்கே ராத்திரி, பூஜை முடித்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

“ஏங்க, பொகை அம்புட்டும் ஒரே பக்கமாப் போவுது பாருங்க.”

“சாமி ஏத்துக்கிருச்சுடி.”

“கன்னத்துல போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டேன். இருபது வருடமாகக் கம்ப்ரசர் விற்கிற மடையன், புகையை ஒரு குழாய் இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன்.

மதியம் படகில் சிலிண்டர்களை ஏற்றும்போது, வழக்கம்போல கிரேஸ் அக்கா ஒன்றைத் திறந்து காற்றை மோந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. இன்னொன்றைத் திறந்தார்.

“என்ன இது, சர்ச்சுல வர்ற வாசம் வருது?”

அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்த கதிரும் குனிந்து மோந்தான். நிமிர்ந்தவன் நேராக என்னைத்தான் பார்த்தான்.

“மாமா... சாம்பிராணி போட்டீகளா?”

“உள்ள போடல மாப்ள. பின்னால, தள்ளித்தான் போட்டேன்.”

“பின்னாலன்னா எங்க?”

“அந்தக் கக்கூஸ் கொழாய்கிட்ட.”

கதிர் தலையில் கை வைத்துக்கொண்டான். எல்லோரும் பின்னால் ஓடினோம். நான் கடைசியாக ஓடினேன். கம்ப்ரசர் காற்று இழுக்கும் குழாய், நெற்றியில் பொட்டோடு மங்களகரமாக நின்றிருந்தது. சுற்றிலும் சாம்பலாகிப்போன கப்புகள். யார் செய்தது என்று விசாரிக்கவே தேவையில்லாமல் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

கரிப்புகை கலந்த காற்றை ஆழத்தில் சுவாசித்தால் ஆள் மயங்கிவிடுவான், செத்தும் போவான். அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் திறந்துவிட்டோம். உஸ்ஸென்று கரையெங்கும் சாம்பிராணி மணந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தொண்டர் பையன் ஒருவன், “ரொம்ப நல்ல வாசனை” என்று வேறு சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கம்ப்ரசரின் ஃபில்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. அதை விற்கும் கடைக்காரர் புயலுக்குப் பயந்து ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கெஞ்சி வாங்கி வருவதற்குள் காற்று மாற ஆரம்பித்துவிட்டது.

முந்தின நாளே நிரப்பிவைத்த நாலைந்து சிலிண்டர் மட்டும் நல்லதாக இருந்தது. அதை வைத்து கிரேஸ் அக்காவும் கதிரும் போனார்கள். எல்லோருமாகச் செய்ய வேண்டிய வேலை. இரண்டு பேரால் எம்புட்டு முடியும்? நான் கரையில் நின்று காலியான சிலிண்டர்களை மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் ஓட்டத் தெரிந்தவன் நான்தானே! அவை நிரம்பியபோது கடல் பொங்கியிருந்தது, படகுத்துறையை மூடிவிட்டார்கள். இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். “மூணுல ஒரு பங்குதான் எறக்க முடிஞ்சது மாமா” என்றான் கதிர். கிரேஸ் அக்கா ஈர உடையோடு கடலைப் பார்த்து நின்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

புயல் தீவைத் தொட்டும் தொடாமலும் போயிற்று. வீடுகளுக்குச் சேதம் அதிகமில்லை. கடல் தெளிந்ததும் நாங்கள் உள்ளே போனோம். தரையோடு இறக்கிக் கட்டியவை அப்படியே இருந்தன. மற்ற மரங்கள் பிடுங்கிக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நரம்புகள் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன, நுனியில் ஒன்றுமில்லை. கிரேஸ் அக்கா ஒரு வெறும் நரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். தண்ணீருக்குள், முகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் அழுதால் வெளியே தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிகிறது.

நான் மணலில் துழாவித் துழாவி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். பிழைக்கும் என்று அவர் எடுத்துவைத்தது கொஞ்சம்தான். மீதியைத் திரும்ப மணலிலேயே போட்டார்.

கரைக்கு வந்ததும் அவர் அருகில் போனேன். “அக்கா, என்னை மன்னிச்சிருங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது, மீசை வாசலினோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

“நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா இன்னிக்கு எங்கிட்டப் பேசாத. நாளைக்குப் பேசு.”

மறுநாள் விடியற்காலையில் எனக்கு விமானம். புயலால் தள்ளிப்போட்ட டிக்கெட், இன்னொரு முறை மாற்ற வழியில்லை. போன் செய்திருக்கலாம்தான். ஊருக்கு வந்து பலமுறை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் இன்று போய் நாளை, நாளை போய் மறுநாள் என்று ஓடிவிட்டது. மிஞ்சிய மூன்றில் ஒரு பங்கை வைத்து அவர் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார் என்று கதிர் சொன்னான். அவர் என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

பழங்காநத்தத்தில் என் பெயர் இப்போது ‘சாம்பிராணி அண்ணே’. “அண்ணே, இந்தக் கம்ப்ரசர்ல சாம்பிராணி வாசம் மட்டுந்தானா, மல்லியப்பூ வாசமும் வருமா?” என்று கேட்காமல் ஒருவரும் கடைப் படியேறுவதில்லை. ஆயுத பூஜையன்று வசந்தி தீப்பெட்டியை என் கையில் கொடுப்பதே கிடையாது. “நீங்க தள்ளி நில்லுங்க. தெருக்காரங்களுக்கு மூச்சு வேணும்” என்பாள். மகளை அடுத்த வருடம் கட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளைக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லித்தான் வீட்டுக்குள் விடுவார்களாம்.

விசேஷ வீடுகளில் பந்தி முடிந்ததும் சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். “சொல்லுங்க மாமா, அந்தக் கக்கூஸ் கொழாய்க்குப் பொட்டு வச்சத...” நானும் சொல்வேன். எனக்கே நன்றாகச் சொல்ல வரும். மீசை, வாசலின், சாமி ஏத்துக்கிருச்சு எல்லாம் அளவாகப் போட்டு, கிரேஸ் அக்கா சிலிண்டரைத் திறந்து மோந்து பார்த்து, “சர்ச்சுல வர்ற வாசம் வருது” என்று சொல்லும் இடத்துக்கு வந்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கதிர் லீவில் வந்திருந்தால் அவனும் சிரிப்பான். ஆனால் அந்த இடத்தில் என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

நானும் அதோடு நிறுத்திக்கொள்வேன். கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் கதிரைத் தவிர எங்கள் குடும்பமே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறது.