ஞாயிறு யாருடைய வாரம்?

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. சிலிம் ரிவர் ஊரிலிருந்து என்னை மாப்பிள்ளை பார்க்க வருகிற பெண் வீட்டுப் பெரியவருக்கு மதியச் சாப்பாடு போட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பிரம்மச்சாரிகள்: தைப்பிங் மணியம், சித்தியவான் சூசை, நான். வாரத்துக்கு ஒருவர் சமையல். வாரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சண்டை. சூசைக்கு ஞாயிறு, மணியத்துக்குத் திங்கள்.

"சண்ட வேணாம். கம்ப்யூட்டர் சொல்லட்டும்!" என்றேன்.

டிவியில் மாட்டுகிற சின்னக் கணினி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். வாங்கியதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

திங்களையே வாரத் தொடக்கமாக வைத்து, பேசிக் மொழியில் நிரல் எழுதினேன். ஞாயிறுக்கு எண் 0, திங்களுக்கு 1, இப்படியே சனிக்கு 6. தேதியிலிருந்து கிழமை எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால் வாரம் தொடங்கும் திங்கள். அதோடு ஆறு கூட்டினால் வாரம் முடியும் ஞாயிறு.

புதன்கிழமை சோதித்தேன். சரி! வெள்ளிக்கிழமை சோதித்தேன். சரி! மாதக் கடைசிக்கு 33ஆம் தேதி என்று காட்டியது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சோதிக்கவில்லை. ஓய்வு நாளாயிற்றே!

அந்த ஞாயிறு மதியம், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்பு ஜில்லென்று இருந்தது.

"சூசை! உன் வாரம்தானே? கோழி எங்கடா?"

"என் வாரம் முடிஞ்சிருச்சு மச்சான். நீயே பாரு."

திரையில் 'வாரத் தொடக்கம்: 16' என்றிருந்தது. அன்று தேதி 15. சைபரைக் கழித்து ஒன்று கூட்டினால் நாளைதானே வரும்!

"மணியம், அப்ப நீ?"

"எனக்கு நாளைக்குத்தான்லா. கம்ப்யூட்டரே சொல்லுதே!"

"என்ன தம்பி, ஒரே சத்தமா இருக்கு?"

வாசலில் பெரியவர்.

உளறிக்கொட்டினேன். நிரல், சைபர், சமையல் முறை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுன காலத்துல எங்களுக்கு லீவே ஞாயித்துக்கிழம ஒண்ணுதான். அதையும் தூக்கிட்டீங்களா?"

பிறகு எங்கள் மூவரையும் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய் மீ கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். மணியம் இரண்டு தட்டு சாப்பிட்டான். இரண்டாவது என் தட்டு. கல்யாணம் போச்சு!

பஸ் ஏறும்போது பெரியவர் திரும்பினார்.

"பொண்ணு தர்றேன் தம்பி. ஆனா கல்யாணத்த சனிக்கிழம வச்சிக்குவோம். ஞாயித்துக்கிழமன்னா, நாளைக்குத்தான்னு சொல்லிட்டு நீங்க வராம இருந்திருவீங்க!"