இருநூறு சர்வருக்கும் என் லேப்டாப் சொன்ன பதில்

பெண்டாட்டியோடு ஒரே ஊரில் இருக்க ஆசைப்படுகிறவனுக்கு அவசரம் ஜாஸ்தி, புத்தி கம்மி. மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் அப்படித்தான்.

கவிதா மலைமேல் செம்மேட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. நான் பெங்களூரில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். (மாடு மேய்த்திருந்தால் மலையிலேயே இருந்திருக்கலாம் என்பார் மாமனார்.) கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்கள் ஒரு மாதக் காலண்டர் தாளுக்குள் அடங்கிவிடும். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வாரம் மலையிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அந்த வாரம் பிசகாமல் போனால் நிரந்தரமாக அங்கேயே இருந்துகொள்ளலாம். லுங்கி, சோப்பு, தலையணை சகிதம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்து சேர்ந்தேன்.

நான்கு நாள் நன்றாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை ஒரு வேலை வந்தது. சர்வருக்குள் யாரை விடலாம் என்று சரிபார்த்துச் சொல்லும் பழைய மெஷின் ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். இருநூறு சர்வர்களில் எதெல்லாம் புதிய மெஷினுக்கு மாறிவிட்டன என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். எதையும் மாற்ற வேண்டியதில்லை, கேட்டால் போதும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா சர்வரையும் கேட்க ஒரு கருவி உண்டு. எந்த மெஷினை நம்புவது என்பதற்கு எல்லா சர்வருக்கும் பொதுவாக ஒரு விடை அதில் எழுதியிருக்கும். சில சர்வர்களுக்கு மட்டும் தனி விடை இருக்கும். அதனால் ஒவ்வொரு சர்வரிலும் போய்த்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன். பதினேழாவது சர்வரில் சிக்னல் போனது. மறுபடி கேட்டேன், ஒன்பதாவதில் போனது. மணி மூன்றரை ஆகிவிட்டது. நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று கவிதாவை அழைத்துவர வேண்டும் என்று காலையிலிருந்தே கனவு. (சட்டைக்கு இஸ்திரி வேறு போட்டிருந்தேன்.) பொது விடைகளின் நகல் என் லேப்டாப்பிலும் இருந்தது. அதனிடமே கேட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் 'புதிய மெஷின்' என்று பதில் வந்தது. பந்தியில் விசாரிக்காமல் சமையற்கட்டை எட்டிப் பார்த்து, எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று சொல்கிற வேலை. இருநூறும் மாறிவிட்டன, நிறுத்தலாம் என்று எழுதி அனுப்பிவிட்டு ஓடினேன்.

கவிதாவோடு டீக்கடையில் நிற்கும்போது மேனேஜர் அழைத்தார். (அப்போது மட்டும் சிக்னல் அமோகம்.) பழைய மெஷினை நிறுத்தியதும், தனி விடை வைத்திருந்த நாற்பது சர்வர்கள் யாரையும் உள்ளே விடவில்லையாம். எந்த சர்வரில் போய்க் கேட்டீர்கள் என்றார். என் லேப்டாப்பில் என்றேன்.

"உங்க லேப்டாப் சௌக்கியம்னு தெரிஞ்சுக்கிட்டோம். உடனே பஸ் ஏறுங்க. நாப்பதுக்கும் நேர்ல ஆள் உக்காந்துதான் சரி பண்ணணும்."

வீட்டுக்கு வந்ததும் கவிதா என் பையில் துணியை அடுக்கினாள்.

"தலகாணி இங்கயே கெடக்கட்டுங்க," என்றாள்.

மலையிலிருந்து வேலை என்கிற பேச்சை ஆபீசில் எடுக்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, அவ்வளவுதான். கதை மட்டும் குடும்பம் பூராவும் சுற்றிவிட்டது.

போன வாரம் மாமியார், கவிதா, நான் மூவரும் ஒரே போன் அழைப்பில் பேசிக்கொண்டிருந்தோம். கவிதா எப்படி இருக்கிறாள் என்று மாமியார் என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"அவரு லேப்டாப்பக் கேட்டுச் சொல்றாரும்மா," என்றாள் கவிதா. "என்னையக் கேளு."

மாமியார் சிரித்து ஓய்ந்தார். "செரி கண்ணு, நீயே சொல்லு. எப்படி இருக்கற?"

"அவரு தலகாணி இன்னும் இங்கயேதாம்மா கெடக்குது," என்றாள் கவிதா.