சப்வே சுவரில் என் நெற்றி

கூச்ச சுபாவக்காரர்கள் சும்மா இருந்தாலே ஊருக்கு நல்லது. நாங்கள் துணிந்து ஒரு காரியம் செய்தால் போலீஸ் வந்துதான் முடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

மராத்தி பேசும் ஊரான நிக்டியில் எங்கள் காலனிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு சப்வே. வேலைக்குப் போய்வரும் பெண்களை அங்கே இடிப்பதும் கிள்ளுவதும் வழக்கமாகிவிட்டது. என் மகள் ரம்யாவும் அவள் தோழி ப்ராஜக்தாவும் இன்னும் சில பெண்களும் கார்ப்பரேஷனில் அனுமதி வாங்கி, அந்தச் சுவர் முழுக்க ஒரு பெண்ணின் முகம் வரைந்தார்கள். வாயைத் திறந்து கத்துகிற முகம். மாடல் நான். (வீட்டில் இலவசமாகக் கிடைத்த முகம்.)

"ம்மா, கத்து!" என்று மொபைலைப் பிடித்தாள் ரம்யா.

"ஆ" என்றேன்.

"அரே, பல் டாக்டர்கிட்டயா காட்டுறே? ஜோரா!"

"பக்கத்து வீட்ல கேக்கும்டி."

கடைசிவரை சத்தம் வரவில்லை. வாயை மட்டும் படம் எடுத்துக்கொண்டாள்.

வரைந்த மறுநாளே எவனோ அதன்மேல் கறுப்பு பெயின்டை ஊற்றினான். பெண்கள் அழுதுகொண்டே திரும்ப வரைந்தார்கள். இன்னொரு முறை அசிங்கமானால் மொத்தமாக வெள்ளையடித்துவிடுவோம் என்று கார்ப்பரேஷன் ஆள் சொல்லிவிட்டுப் போனார்.

புதுப் படத்தைப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை!

"அது நீ இல்லம்மா. எல்லாப் பொண்ணுங்களும்."

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் என் மூக்குத்தி எதுக்குடி?"

என் கணவர் தளேகாவ் பாக்டரி ஒன்றில் பெரிய பெரிய மெஷின்களுக்கு நடுவே வேலை செய்கிறவர். மனைவியோ ஊரறிய வெறும் நெற்றியோடு நிற்கிறாள். அன்று சாப்பிடும்போது அவர் ஒரு தடவை இருமினார். போதாதா? ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

விடியும்போது, ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயின்டையும் சமையலறை ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு சப்வேக்குப் போனேன். ஏறி நின்று, எட்டிய மட்டும் எட்டி, தோசை அளவுக்கு ஒரு பொட்டு வைத்தேன். அது மூக்கு வழியாக ஒழுக ஆரம்பித்தது. முந்தானையால் துடைத்தேன். இப்போது முகமே வெட்டுப்பட்டதுபோல் ஆயிற்று.

பின்னாலிருந்து ஒரு கை என் கையைப் பிடித்தது.

கத்தினேன். எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. சப்வே அதிர்ந்தது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் குடையும் டிபன் டப்பாவுமாக ஓடி வந்து, என்னைப் பிடித்த ஹெல்மெட் ஆசாமியை மொத்தினார்கள்.

"காக்கூ! மீச் ஆஹே!" (ஆன்ட்டி, நான்தான்!) என்றது ஹெல்மெட். படத்துக்குக் காவல் இருந்த ப்ராஜக்தா.

ரோந்து கான்ஸ்டபிள் வந்தார். படத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று அந்தப் பெண்களே கைகாட்டினார்கள். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தன் மூஞ்சிக்குத் தானே பெயின்ட் அடிச்சா என்ன கேஸ் எழுதறது?" என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷம் பஸ்ஸில் முழங்கையால் இடிபட்டு, சொல்லத் தெரியாமல், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்திருக்கிறேன்! கத்தினால் ஆள் வரும் என்று எனக்குத் தெரியாது.

தகவல் கேட்டு ஓடிவந்த ரம்யா, ஒழுகலைத் துடைத்துப் பார்த்தாள். "பொட்டு இருக்கட்டும். வாயைத்தான் இன்னும் பெருசா மாத்தணும்" என்றாள். கார்ப்பரேஷன் ஆள் வருவதற்குள் மாற்றியும் விட்டாள். பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பெண்கள் பிரஷ் பிடித்தார்கள். சுவர் தப்பியது.

ப்ராஜக்தா இப்போதும் வீட்டுக்கு வருவாள். மணியடிப்பதில்லை. மாடிப்படியிலேயே நின்று, "காக்கூ, மீச் ஆஹே, ஓரடூ நகா!" என்பாள். (நான்தான், கத்தாதீங்க!) என் கணவரும் ஷிப்ட் முடிந்து வந்தால் அதையே சொல்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமல்.