பழமலைநாதன் படித்த சீன மருந்துத் தாள்

இனிமேல் வீட்டில் கையில் பொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று பழமலைநாதன் தீர்மானம் போட்டான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஒன்றில் அச்சுக்குள் மண்குழம்பு ஊற்றுவது அவன் வேலை. ஊற்றி ஊற்றி விரலிடுக்கெல்லாம் கரப்பான் புண். அரிப்பெடுத்தால் பத்து விரலும் ஆர்மோனியம் வாசிக்கும். மனைவி நீலாவதியின் அண்ணன் காத்தவராயன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பை சீன மூலிகை கொடுத்தனுப்பியிருந்தான். கூடவே ஒரு தாள். தாள் முழுக்கச் சீன எழுத்து. அதைப் பார்த்ததுமே யோசனை முளைத்துவிட்டது.

“குடு, நான் படிக்கிறேன்.”

“ஒங்களுக்கு சீன பாஷை தெரியுமா?”

“கம்பெனிக்கு சீனாவுலேர்ந்து மிஷினு வந்துச்சுல்ல? அதோட வந்த புக்கப் பார்த்தே கத்துக்கிட்டேன்.”

தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

“நோயாளி பாத்திரம் தொலக்கக் கூடாது. கொழாயில தண்ணி புடிக்கக் கூடாது. தெனம் நாட்டுக்கோழி சூப்பு குடிக்கணும்.”

“சீனாவுல ஏதுங்க நாட்டுக்கோழி?”

“ஏன், அது நாடு இல்லியா?”

நீலாவதி சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வந்தாள். மூன்று நாள் சூப்பு வந்தது. அந்த உபசாரத்துக்கு முன்னால் புது மாப்பிள்ளைகூடத் தோற்றான்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு வீராயியோடு நீலாவதி வந்து நின்றாள். கையில் இன்னொரு சீனத் தாள்.

“இதையும் படிங்க. அக்காவுக்கும் அரிப்பாம்.”

பழமலைநாதன் உற்சாகமாகிவிட்டான்.

“சூப்ப இன்னும் நாப்பது நாளு விடாம குடுக்கணும். பொண்டாட்டி எதுத்துப் பேசுனா அரிப்பு ஜாஸ்தியாவும்.”

வீராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது அக்கா வூட்டு டார்ச்லைட்டு டப்பாவுல இருந்த தாளுங்க,” என்றாள் நீலாவதி.

அவன் முகம் பீங்கானாக வெளுத்தது.

“நேத்தே பூத்துலேர்ந்து அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். மூலிகைய கொதிக்க வெச்சு, ஆறுனதும் ரெண்டு கையையும் அதுல ஊற வெக்கணுமாம். கோழி, கருவாடு வாயில வெக்கவே கூடாதுன்னு மருந்துக் கடைக்காரரு சொன்னாராம்.”

கொஞ்ச நேரத்தில் பழமலைநாதன் மணிக்கட்டு வரைக்கும் கறுப்புக் கஷாயத்தில் கையை விட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே இரண்டு தட்டு. மிச்சக் கோழியை மிளகு தூக்கலாக வறுத்து, நீலாவதியும் வீராயியும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எவ்ளோ நேரம்டி ஊறணும்?” என்றான் எச்சிலை விழுங்கிக்கொண்டு.

“கை அரை மணி நேரம் ஊறுனாப் போதும். வாய் ஊறுறது ஒங்க இஷ்டம்ங்க.”