மாமியாரும் அவளே, இன்ஸ்பெக்டரும் அவளே

உலகத்தில் எந்தக் காரியத்தையும் முதல் தடவையாகச் செய்யாத பிறவி ஒன்று உண்டென்றால், அது பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒத்திகைதான். மேட்ரனின் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பல் பிடுங்கப் போவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பழகினாள். பிடுங்கி முடித்ததும், "நேத்து இதைவிட நல்லாத் திறந்தேன், டாக்டர்" என்று வருத்தப்பட்டாளாம். துக்க வீட்டுக்குப் புறப்படுமுன் எங்களிடம் ஒரு முறை அழுது காட்டுவாள். "சத்தம் போதுமாடி?" என்பாள்.

அப்போது நாங்கள் ஆசிரியப் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் வேலையா, கல்யாணமா, இரண்டும் இல்லாமல் அப்பா வீட்டு அடுப்படியா என்று ஒருத்திக்கும் தெரியாது. அதிலும் நான் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே கைவிட்டு எடுக்க முடியுமா என்று பார்க்கிற ரகம். ஒத்திகைக்கு எங்கள் பயமெல்லாம் கொண்டாட்டம்.

"முதல்ல எல்லாரும் ஒருதரம் ஃபெயிலாகிப் பார்ப்போம். பழகிட்டா வலிக்காதுலா" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, "ஃபெயில்! ஃபெயில்!" என்று அறிவித்தாள். இரண்டு பேர் நிஜமாகவே அழுதுவிட்டார்கள். ஏதோ சாவுத் தந்தி வந்துவிட்டது என்று மேட்ரன் ஒரு கால் செருப்போடு மாடிக்கு ஓடிவந்தார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து. திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரவேண்டும், இன்ஸ்பெக்டரும் இருப்பார். இன்னொன்று செந்தூல் ரயில்வே கோட்டர்ஸிலிருந்து அப்பா எழுதியது. சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டுக்கு வா. மாப்பிள்ளையும் கிள்ளான்தான், கூட்ஸ் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. எனக்கு வேலை வேண்டும். ஆனால் அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

"ரெண்டு நாள்தான் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே பழகிடுவோம்" என்றாள் ஒத்திகை.

தலையில் முக்காடு போட்டால் அவள் மாப்பிள்ளையின் அம்மா. மேட்ரனின் வெயில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டால் இன்ஸ்பெக்டர். "குனிஞ்சு நடடி!" என்பாள் அம்மா. "நிமிர்ந்து நில்லு!" என்பார் இன்ஸ்பெக்டர். முடிவில் பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் நான் கேட்கவேண்டிய நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்து, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுமளவுக்கு உருப்போட வைத்தாள். எனக்கு இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான் மனதில் பதிந்தது.

சனிக்கிழமை காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். குனிந்துதான் வந்தேன். மாப்பிள்ளை வெயிலில் நடந்து வந்தவர், மடியில் தொப்பியை வைத்திருந்தார். தொப்பியைப் பார்த்தேனோ இல்லையோ, தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, "குட் ஆஃப்டர்நூன், சார்" என்றேன்.

அப்பாவுக்குப் புரையேறியது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அசையவில்லை. "பயப்படாதே தாயி. ஏதும் கேக்கணும்னா கேளு" என்றார்.

கேள் என்றால் போதாதா? உருப்போட்டது தானாக ஓடியது.

"கட்டடத்துக் கூரை ஒழுகுமா? தண்ணி வசதி உண்டா? எனக்கு முன்னால இருந்தவங்க ஏன் போனாங்க?"

அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். "அடுப்படி மூலையில கொஞ்சம் ஒழுகும். தண்ணிக்குப் பொதுக் குழாய்தான், விடியக்காலம் போனா கூட்டமிருக்காது. முன்னால இருந்தது மூத்த மருமக. குழம்புக்கு எவ்வளவு உப்புன்னு எனக்கும் அவளுக்கும் ஒத்துவரல. மூத்தவனோட தனிக்குடித்தனமா ஈப்போவுக்குப் போயிட்டா. தப்பு பாதி என் மேலயும்தான்."

மாப்பிள்ளை தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

நான்காவது கேள்வி, கல்யாணம் ஆனால் என்னை வேலையில் வைத்துக்கொள்வீர்களா என்பது. வாய் திறந்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கவலையெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது. அதையே திருப்பிப் போட்டேன்.

"வேலை கிடைச்சா என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை தொப்பியை இறக்கினார். "எந்த ஸ்கூல்?" என்றார். சொன்னேன். "அட, எங்க வீட்டிலிருந்து நடந்தே போயிடலாமே" என்றார்.

திங்கட்கிழமை நேர்முகத்தில் நான் தடுமாறவே இல்லை. ஏற்கெனவே ஒரு இடத்தில் கேட்டுவிட்டு வந்த கேள்விகள்தானே!

விடுதிக்குத் திரும்பி நடந்ததையெல்லாம் சொன்னபோது ஒத்திகை சிரிக்கவில்லை. "காப்பியைக் கொடுத்தியா, இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "பாழாக்கிட்டியே! வா, இன்னொருதரம் பண்ணுவோம்."

"உனக்கு எப்போடி?" என்று கேட்டேன். அவளுக்கு மட்டும் ஒரு கடிதமும் வந்திருக்கவில்லை.

"யாரும் கூப்பிடலேன்னா எப்படி இருக்கும்னு இப்போ பழகிக்கிட்டு இருக்கேன்" என்றாள். கை தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தது. பரீட்சை முடிந்து, விடுதி காலியாகிற வாரத்தில்தான் காப்பார் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

இப்போது எனக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. காலையில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். வாசலில் குழந்தை அழுகிற அழுகை மூன்றாம் வகுப்புக் கணக்குவரை என் கூடவே வருகிறது. வேலையை விட்டால் தப்பா, விடாவிட்டால் தப்பா என்று தினமும் இரண்டு முறை முடிவெடுத்து இரண்டு முறை மாற்றுகிறேன்.

போன மாதம் ஒத்திகை காப்பாரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். குழந்தையை மடியில் கொடுத்து, "நீயே சொல்லுடி, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். பெரிதாக ஏதோ ஆரம்பிக்கப்போகிறாள் என்று முக்காட்டுக்கு ஒரு துண்டுகூட எடுத்து வைத்திருந்தேன்.

அவள் துண்டைத் தொடவில்லை. குழந்தையின் எச்சில் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"தெரியலடி" என்றாள்.

கடைசி பஸ்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போன அந்த மத்தியானம் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.