முப்பத்துமூன்று வயதுக் குழந்தை

குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். இந்த வழக்கத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. பதினாறு பேர் கொண்ட குழு ஆறு மாதம் கூடிக் கலைந்து, கதிர்வீச்சிலிருந்து பிஞ்சுகளைக் காக்கும் பொருட்டு ஒரு படிவத்தைக் கண்டுபிடித்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாருக்குப் படம் எடுத்தாலும் முப்பத்தாறு கட்டங்களை நிரப்பி, மூன்று அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகே கணினி, எக்ஸ்ரே இயந்திரத்தைத் திறந்துவிடும்.

அங்கே பதினோரு வருடமாகப் படம் எடுப்பவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்பார்கள். அவளுக்குப் படிவம் பிடித்துத்தான் இருந்தது. படம் எழுதித் தராத டாக்டரை டாக்டராகவே மதிக்காத காலம். "ரெண்டு தும்மல் தும்மினா, எதுக்கும் ஒண்ணு எடுத்துடுங்க" என்று நிற்கும் பெற்றோரிடம் மல்லுக்கட்டி அவள் அலுத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அப்பா ஓடிவந்தார். பொம்மைக் காரின் வட்ட பேட்டரியை விழுங்கிவிட்டாள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும்.

அக்கா பதிவு எழுத்தரிடம் ஓடினாள்.

"ஒருத்தர் கையெழுத்துப் போட்டுட்டார். இன்னொருத்தர் கூட்டத்துல. மூணாவது ஆள் பாதுகாப்புப் பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கார்" என்றார் எழுத்தர்.

"அவர் வர்றதுக்குள்ள குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அதை எழுதவும் ஒரு கட்டம் இருக்கும்மா."

சொல்லிவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அவரும் மனுஷன்தான். "பெரியவங்களுக்குப் படிவம் கிடையாது" என்று முணுமுணுத்தபடி, வயது என்ற இடத்தில் மூன்றை இரண்டு முறை தட்டினார். இயந்திரம் திறந்துகொண்டது.

திறந்த கையோடு பெரியவர்களுக்கான கதிர்வீச்சு அளவையும் வைத்துக்கொண்டது. அக்கா அதைக் கையால் கால்வாசியாகக் குறைத்தாள். ஒரே ஒரு படம். பேட்டரி உணவுக்குழாயின் நடுவில் நின்றது. அரை மணியில் டாக்டர்கள் அதை வெளியே எடுத்துவிட்டார்கள். அப்பா சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார்.

நான்காம் நாள் அக்காவுக்குக் கடிதம் வந்தது. 'முப்பத்துமூன்று வயது நோயாளிக்கு உரிய கதிர்வீச்சை முழுமையாக வழங்கத் தவறியமைக்கு விளக்கம் அளிக்கவும்.'

"அது குழந்தை சார்" என்றாள் கடிதம் அனுப்பிய கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம்.

"அப்போ படிவம் எங்கே?"

"கையெழுத்துப் போட ஆள் இல்ல சார்."

"படிவம் இல்லேன்னா குழந்தை இல்ல. அந்தம்மாவை வரச்சொல்லி மீதி முக்கால் பங்கைக் குடுத்துடுங்க."

"அந்தம்மாவுக்கு இன்னும் செருப்பு மாட்டத் தெரியாது சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "சரி, மெலிஞ்ச உடல்வாகுன்னு எழுதிக் குடுங்க. கோப்பை மூடிடறேன்."

எழுதிக் கொடுத்தாள்.

வழி தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வயது இருபத்திரண்டானது, நான்கு வயது நாற்பத்துநான்கானது. கைக்குழந்தைகளுக்கு எண்பது என்று போட்டார்கள்; பொக்கை வாய்க்கும் பொருத்தமாக இருந்தது. டாக்டர்களுக்கு நிம்மதி. தும்மலுக்கும் தங்குதடையின்றிப் படம் கிடைத்ததால் பெற்றோருக்குப் பரம திருப்தி. அக்கா ஒவ்வொரு முறையும் அளவைக் குறைத்து, நோயாளிகள் பட்டியலில் கையெழுத்திட்டாள்.

வருடக் கடைசியில் விருது வந்தது. ஒரு குழந்தைகூடக் கதிர்வீச்சுக்கு ஆளாகாத ஒரே குழந்தைகள் மருத்துவமனை! அக்காவையும் மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவளும் கை தட்டினாள்.

மறுவாரம் ஒரு பொறியாளர் பெட்டியோடு வந்தார். குழந்தைகளே வராத இடத்தில் அளவைக் குறைக்கும் வசதி தேவையற்றது என்பதால் அதைப் பூட்டிவிடும்படி உத்தரவு.

"ஐயோ தம்பி, வெளியே உக்காந்திருக்கறது யாருன்னு பாருங்க!"

எட்டிப் பார்த்தார். பெஞ்சில் ஏழு பேர். யாருக்கும் கால் தரையைத் தொடவில்லை. பிறகு பட்டியலைப் பார்த்தார்.

"எல்லாரும் பெரியவங்கன்னு இருக்கே. இது யாரு கையெழுத்து?"

அக்கா தன் கையெழுத்தையே பார்த்தாள். அவர் பூட்டினார். "அடுத்தவங்களைக் கூப்பிடுங்க. சரியா ஓடுதான்னு பார்த்துட்டுப் போறேன்."

அவள் பட்டியலைக் கையில் எடுத்தாள்.

"நாப்பத்துநாலு வயசு யாரு?"

ஒரு அம்மா, அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.